முதற்பலன் சேவல்

மே மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளையூரணி வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: துறைமுகத்துச் சிக்னல் நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செல்வதுரை, வயது எழுபத்துமூன்று, முந்தின நாள் சென்னையிலிருந்து வந்திருந்த அவருடைய மகள் ஈவாஞ்சலின், அவள் கணவர் கிருபாகரன், கைப்பேசித் திரையில், மஸ்கட்டில் இருக்கும் மகன் பெவின், பின்வாசல் படியில் உட்கார்ந்து விளமீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்த அல்போன்சா. இவள் திரேஸ்புரத்திலிருந்து வாரத்தில் நான்கு நாள் மீன் கொண்டுவருகிறவள். இவர்களைத் தவிர, செல்வதுரையின் நாற்காலிக்கு அடியில் மூன்று மாதச் சேவல்குஞ்சு ஒன்று.

இத்தனை பேரையும் பெயர் சொல்லிக் குறிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அன்று செல்வதுரை கொடுத்த வாக்கை இவர்கள் எல்லோரும் காதால் கேட்டார்கள்.

அதற்குப் பத்து நாள் முன்னால் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியாமல் முக்கால் மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தார். அல்போன்சா மீனோடு வந்தபோதுதான் தூக்கிவிட ஆள் கிடைத்தது. செய்தி சென்னைக்குப் போனது. வங்கியில் மேலாளராக இருக்கும் ஈவாஞ்சலின் லீவு போட்டுவிட்டு வந்து அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, இந்தத் தடவை விட்டிருதேன். இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துரணும். வாரேன்னு சொல்லுங்க."

செல்வதுரை "விழுந்தா வாரேன்" என்றார்.

மஸ்கட்டில் இருந்தவனுக்கு லைன் சரியில்லை. அப்பா என்ன சொன்னார் என்று கேட்டான். அதனால் அவர் அதை இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியதாயிற்று.

சொன்ன சொல் அவருக்குச் சாதாரண விஷயம் இல்லை. சிக்னல் நிலையத்தில் ரேடியோவில் ஒரு கப்பலுக்கு "உள்ளே வா" என்று சொல்லிவிட்டால் அதை விழுங்கிக்கொள்ள முடியாது. சொன்ன நிமிடம் பதிவேட்டில் ஏறிவிடும். அங்கே எண்ணூறு அடிக் கப்பல் நங்கூரத்தைத் தூக்க ஆரம்பித்துவிடும். முப்பத்துநான்கு வருடத்தில் அவர் ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. அவருடைய அப்பா நாசரேத் ஊர்ச் சர்ச்சில் மணியடிக்கும் கோயில் குட்டியாராக இருந்தபோதும் அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் வாக்கு என்பது தாளில் எழுதிக் கையெழுத்துப் போடாத பத்திரம்.

வாக்கு கொடுத்தாயிற்று என்றாலும் வீட்டைவிட அவருக்கு மனம் இல்லை. எண்பத்தொன்பதில் கட்டிய வீடு. மொட்டைமாடியில் ஏறி நின்றால் உப்பளங்களுக்கு அந்தப் பக்கம் கடல் தெரியும். வெளி நங்கூரத்தில் காத்திருக்கும் கப்பல்களைக் கண்ணாலேயே எண்ணலாம். மனைவி நான்கு வருடத்துக்கு முன் கண்மூடியதும் இந்த வீட்டின் பின்னறையில்தான். தாம்பரத்தில் மகள் வீட்டுக்கு அவர் ஒரு தடவை போய்ப் பதினோரு நாள் இருந்திருக்கிறார். நான்காவது மாடி. பால்கனியில் நின்றால் எதிர்ப் பால்கனியில் காயும் துணிகள் தெரியும். பன்னிரண்டாவது நாள் ரயிலேறிவிட்டார்.

ஆகவே, விழக் கூடாது. குளியலறையில் கைப்பிடிக் கம்பி பதித்தார். ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டார். எல்லாம் சரியாக இருந்தது. நாற்காலிக்கு அடியில் வளர்ந்துகொண்டிருந்ததைத்தான் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கோழி வளர்க்கிற வீடுகளில், வருடத்தின் முதல் அடையில் முதலாவதாக ஓட்டை உடைத்து வெளியே வரும் குஞ்சு கோயிலுக்கு. அதற்கு முதற்பலன் என்று பெயர். அதை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது. அக்டோபரில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை அன்று கோயில் மைதானத்தில் பூசணிக்காய், வாழைத்தார், உப்பு மூட்டை இவற்றோடு சேர்த்து ஏலம் விடுவார்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஹாலோபிளாக் கல் தொழில் செய்கிற ரெக்சன், முதற்பலனாகக் குறித்த நல்ல கோழியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, கழிச்சல் கண்ட ஒரு கோழியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஏலத்தில் எடுத்தவர் வீட்டில் இருந்த அத்தனை கோழியும் ஒரே வாரத்தில் செத்தன. செல்வதுரை அப்போது சபைக் கமிட்டிச் செயலாளர். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, கடவுளுக்கு என்று பேர் சொன்னதையே மாற்றிக் கொடுக்கிறவன் மனுஷனுக்கு எதைத்தான் ஒழுங்காகக் கொடுப்பான் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ரெக்சன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு செல்வதுரை சொல்லித்தான் புது ஒழுங்கு வந்தது: முதற்பலனுடைய நிறம், அடையாளம் எல்லாம் நோட்டில் எழுத வேண்டும், படம் எடுத்துச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். இந்த வருடம் பிப்ரவரியில் அவர் வீட்டுக் குஞ்சின் படமும் போனது. இடது காலில் இரண்டு கறுப்பு விரல், மார்பில் வெள்ளைப் புள்ளி. அறுபத்தொரு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

காக்காய், பருந்து, கீரி எதுவும் கோயில் பங்கைத் தூக்கிவிடக் கூடாது என்று அவருக்குக் கவலை. அதனால் இரண்டாம் நாளே தாய்க்கோழியிடமிருந்து அதைப் பிரித்து வீட்டுக்குள் கொண்டுவந்து, செருப்பு வாங்கின அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே பல்பு போட்டார். குருணையைக் கையில் வைத்து ஊட்டினார். செய்தி பார்க்கும்போது அது மடியில் உட்கார்ந்திருக்கும். தவறு அங்கேதான். தாய்க்கோழியின் கொத்தும் கூடப்பிறந்தவற்றின் தள்ளுமுள்ளும் ஒரு குஞ்சுக்கு அதனுடைய இடத்தைக் கற்றுக்கொடுக்கும். இதற்கு அது கிடைக்கவில்லை. செல்வதுரையைத் தன் இனத்தில் ஒன்று என்று நினைத்து வளர்ந்தது. கொண்டை சிவந்து, குரல் உடைந்து, முதல் கூவல் கூவியபோது அவரைத் தனக்குப் போட்டியான இன்னொரு சேவல் என்று முடிவு செய்தது.

ஆகஸ்டில் அதை வெளியே விட்டார். கொல்லையில் ஒன்பது கோழிகள். முதல் வாரத்திலேயே தீனித் தட்டிலிருந்து எல்லாவற்றையும் விரட்டியது. மனைவி காலத்துப் பழைய கறுப்புக் கோழியின் உச்சியில் ரத்தம் வரும்வரை கொத்தியது. இரண்டு கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. பிறகு ஒருநாள் காலையில் மோட்டார் சுவிட்சைப் போடப் போனவருக்கு முன்னால் வந்து, ஒரு பக்கத்து இறக்கையைத் தரையில் தேய இறக்கிப் பக்கவாட்டில் இரண்டு எட்டு ஆடியது. அழகாக இருக்கிறதே என்று நின்று பார்த்தார். அடுத்த நொடி இரண்டு காலும் அவருடைய முழங்காலுக்குக் கீழே வந்து விழுந்தன.

துடைப்பத்தை எடுத்து விளாசினார். அது நான்கு எட்டுப் பின்வாங்கி, கழுத்து மயிரைக் குடைபோல விரித்துக்கொண்டு திரும்ப வந்தது. அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே அது கூவியது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

குளியலறை, கழிப்பறை, மோட்டார், துணிக்கொடி எல்லாம் கொல்லையில்தான் இருந்தன. பின்வாசலிலிருந்து குளியலறைக்கு இருபத்திரண்டு எட்டு. அந்த இருபத்திரண்டு எட்டை எப்படிக் கடப்பது என்பதே அவருடைய நாளாக ஆனது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, சேவல் முருங்கை மரத்தடிக்குப் போகும்வரை காத்திருப்பார். போனதும் குடையை விரித்துக் காலுக்கு நேரே பிடித்துக்கொண்டு நடப்பார். ஓடமாட்டார். ஓடுவது அவர் வழக்கம் இல்லை. ஓடினால் விழவும் கூடும். மாலையில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். துணியைத் துவைத்து வீட்டுக்குள்ளேயே காயப்போட்டார். மாடிப்படியும் கொல்லைப் பக்கத்தில்தான் இருந்ததால் மொட்டைமாடிக்குப் போவது நின்றது. கப்பல் பார்த்து இருபது நாள் ஆயிற்று.

அதை அறுத்துக் குழம்பு வைக்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் அது கோயிலுக்கு உரியது. மாற்றிக் கொடுக்கலாம் என்றால் படம் அறுபத்தொரு பேரிடம் இருக்கிறது. அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவரே அவர்தான். யாரிடமாவது சொல்லி உதவி கேட்கலாம் என்றால், ஒரு சேவலுக்குப் பயந்து உள்ளே கிடக்கிறார் என்ற செய்தி ரெக்சன் காதுக்குப் போக அரை நாள் ஆகாது. சென்னைக்குப் போக ஒரு நாள் ஆகாது. மூன்று பக்கமும் அவரே கட்டிய சுவர். நான்காவது பக்கத்தில் சேவல் நின்றது.

செப்டம்பர் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்காலுக்குக் குளிக்கப் போனார். குளித்து முடித்து வேட்டி கட்டிக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கினார். கதவைத் திறக்கும் முன் குனிந்து பார்த்தார். பிளாஸ்டிக் கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் இரண்டு கால்கள். இடது காலில் இரண்டு கறுப்பு விரல். தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டார்.

கைப்பேசி வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது. குடையை அன்று கதவுக்கு வெளியே சாய்த்து வைத்திருந்தார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டில் ஷீஜா பிள்ளைக்குச் சடை பின்னிவிட்டபடி ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று கத்துவது கேட்டது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஷீஜாவுடைய மாமனாரும் சிக்னல் நிலையத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். அந்த வீட்டுக்கு ஒரு குரல் கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை.

ஏழரை ஆனது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை சூடேறியது. ஒவ்வொரு தடவை அவர் தாழ்ப்பாளைத் தொடும்போதும் வெளியே இறக்கை தரையில் உரசும் சத்தம் வந்தது. எட்டு மணி அளவில் கடல் பக்கமிருந்து ஒரு கப்பலின் ஊதல். வழிகாட்டும் பைலட் ஏறியாயிற்று, உள்ளே வருகிறது. எத்தனையோ கப்பல்களை மூன்று நாள், நான்கு நாள் என்று வெளியே நிறுத்திவைத்திருக்கிறார் அவர். ஒரு கிரேக்கக் கேப்டன் ரேடியோவில் கெஞ்சியதும் உண்டு. முறை வரட்டும் என்று சொன்னார். அந்தக் கேப்டனை இப்போது நினைத்துக்கொண்டார். பிறகு நினைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

எட்டே முக்காலுக்கு, கால்கள் மறைந்திருந்தன. வாளியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஆறு எட்டு நடந்திருப்பார். பின்பக்கமிருந்து சேவல் வந்தது. வலது கெண்டைக்காலில் அதன் கால்முள் இறங்கியது தெரிந்தது. திரும்பினார், ஈரக்கால் செருப்பில் வழுக்கியது, வாளி ஒரு பக்கம் உருண்டது. அடுத்ததாக அவருக்குத் தெரிந்தது, இரண்டு உள்ளங்கையும் இரண்டு முட்டியும் மண்ணில் இருந்தன என்பதுதான்.

பின்கேட்டைத் தள்ளிக்கொண்டு அல்போன்சா உள்ளே வந்ததும் அந்த நேரத்தில்தான். மீன் சட்டியை இறக்கி வைத்தாள். மூடியிருந்த ஈரச்சாக்கை எடுத்துச் சேவல்மேல் வீசினாள். சாக்கோடு சேர்த்து இரண்டு இறக்கையையும் ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, விழுந்துட்டீங்களா?"

"விழல" என்றார் செல்வதுரை. "முட்டி போட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள். மே மாதம் பின்வாசலில் உட்கார்ந்து அந்த வாக்கைக் கேட்டவள் அவள்.

"சரி, முட்டி போட்டீங்க. ஜெபம் பண்ணி முடிச்சாச்சுன்னா எழுந்திருங்க. நான் ஒரு கைதான் குடுக்க முடியும், ஒரு கையில உங்க எதிராளி இருக்கான்."

காலைக் கழுவிக் கட்டுப் போட்டாள். ஊசி போட்டே ஆக வேண்டும் என்று அவள் பிடிவாதமாகச் சொன்னதால், அவர் பக்கத்து டாக்டரை விட்டுவிட்டு, தன்னை யார் என்று தெரியாத ஒரு டாக்டரிடம் ஆட்டோவில் டவுனுக்குப் போய்ப் போட்டுக்கொண்டார். வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டதற்கு, தான் மீன்தான் விற்கிறேன், சேதி விற்பதில்லை என்றாள். அறுத்துவிடச் சொன்னாள். அவர் விஷயத்தைச் சொன்னார். கோயிலுக்கு நேர்ந்தது என்றால் எங்கள் பக்கத்திலும் கை வைக்க மாட்டோம்தான் என்று அவளும் யோசித்தாள்.

அல்போன்சாவின் அண்ணன் ஒரு காலத்தில் சண்டைக்கு விடும் கட்டுச்சேவல் வளர்த்தவன். அவனோடு இருந்து பார்த்ததை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: இது வரும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? துடைப்பத்தால் அடித்ததையும், உள்ளே வந்து கதவைச் சாத்தியதையும், குடை பிடித்துச் சுற்றிப் போனதையும் அவர் சொன்னார்.

"அங்கனதான் கெட்டுப்போச்சு அண்ணாச்சி. அடிச்சா, சண்டைக்கு வாரான்னு நினைக்கும். ஒதுங்கிப் போனா, தோத்துட்டான்னு நினைக்கும். நீங்க இந்த ரெண்டையும் மாத்தி மாத்திச் செஞ்சிருக்கீங்க. அதுக்கு உங்களை விட்டா வேற விளையாட்டு கிடையாது."

"அப்ப என்ன செய்யணும்?"

"தூக்கிக் கக்கத்துல வச்சுக்கிடணும். தலையைக் கீழ அமுக்கிப் பிடிக்கணும். துள்ளும், விட்டுறாதீங்க. தானா அடங்குத வரைக்கும் கோழிகளுக்கு முன்னால நடங்க. கோழிக பாக்கணும். அதுதான் அதுக்கு மானக்கேடு."

மானக்கேடு என்றால் என்ன என்பது செல்வதுரைக்கு விளங்கும்.

பரணிலிருந்து துறைமுகத்தில் கொடுத்த முழங்கால் உயர ரப்பர் பூட்ஸை இறக்கினார். மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு, குடை இல்லாமல், நேராக நடந்தார். அது ஆடியது; அவர் சுற்றிப் போகவில்லை. அது பாய்ந்தது; ரப்பரில் பட்டு விழுந்தது. குனிந்து அதை இறக்கைகளோடு சேர்த்துத் தூக்கி இடது கக்கத்தில் இடுக்கினார். அப்படியே ஒன்பது கோழிகளுக்கும் தீனி போட்டார். எல்லாம் தின்று முடித்த பிறகுதான் அதை இறக்கிவிட்டார். கையில் எதையும் ஊட்டுவதை அன்றோடு விட்டார். காலையிலிருந்து உச்சிப்பொழுதுவரை மூங்கில் கூடையைக் கவிழ்த்துத் தனியாக மூடிவைத்தார். முதல் வாரம் தினம் மூன்று தடவை தூக்கினார். மணிக்கட்டிலும் கொத்து வாங்கினார். இரண்டாம் வாரம் துள்ளல் குறைந்தது. மூன்றாம் வாரம், தூக்கினதும் கழுத்தைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. கறுப்புக் கோழியின் உச்சியில் புது மயிர் முளைத்தது. ஒருநாள் மாலை அவர் மாடிப்படி ஏறி வெளியே நின்ற கப்பல்களை எண்ணினார். ஐந்து.

அடங்கிவிட்டது என்று அவர் அல்போன்சாவிடம் சொன்னபோது அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவரிடம் மட்டும்தான் அடங்கியிருக்கிறது, வேறு வீட்டுக்குப் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்றாள். சொன்னதுபோலவே, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனைப் பின்கேட்டுவரை விரட்டியது.

அக்டோபர் மூன்றாம் ஞாயிறு பண்டிகை. சனிக்கிழமை ஈவாஞ்சலினும் கிருபாகரனும் வந்துவிட்டார்கள். வாசலில் பூட்ஸைப் பார்த்து, மழையே இல்லையே என்று மகள் கேட்டாள். செல்வதுரை, பழசு, கிடந்தது என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குள்ளும் பேன்ட்டோடு இருந்தார். வாக்கைப் பற்றி மகள் கேட்கவில்லை, அவரும் பேச்சை எடுக்கவில்லை. இன்னும் ஒரு நாள். ஞாயிறு மதியத்தோடு சேவல் போய்விடும், கால் தழும்பு பேன்ட்டுக்குள் இருக்கும், வீடு அவரிடம் இருக்கும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. மைக் ரெக்சன் கையில். உபதேசியார் கிங்ஸ்டன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். செல்வதுரை சேவலைக் கக்கத்தில் வைத்தபடி முன்னால் வந்து நின்றார். அது கண்ணை மூடியிருந்தது.

ரெக்சன், இந்த வருடத்தில் இவ்வளவு சாதுவான முதற்பலன் வரவில்லை, பாருங்கள், ஐயா கையில் பிள்ளை மாதிரித் தூங்குகிறது என்று மைக்கில் சொன்னார். இரண்டு மூன்று பேர் விலை கேட்டார்கள். பிறகு ஜெமி கேட்டாள். போன வருடம் கணவனோடு சபைக்குப் புதிதாக வந்தவள். இடுப்பில் இருந்த பையன் இறங்கி ஓடிவந்து, சேவலைத் தொட வேண்டும் என்று செல்வதுரையின் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று வயது இருக்கும். அவன் முகம் சேவலின் கால் தொங்குகிற உயரத்தில் இருந்தது.

செல்வதுரை அந்த முகத்தைப் பார்த்தார்.

"இதை நான் சொல்லாம இருக்க முடியாது" என்றார். "இது ஆளை அடிக்கும்."

மைதானத்தில் சிரிப்பு எழுந்தது. சேவல் தூங்கிக்கொண்டிருந்தது. ரெக்சன் மைக்கில், "ஐயா தமாஷ் பண்ணுதாங்க" என்றார். ஜெமியும் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டாள்.

அந்த இடத்தில் அவர் சும்மா இருந்திருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. நம்பாதது அவர்கள் பாடு. ஆனால் செல்வதுரை சொன்ன சொல் தமாஷாக எடுத்துக்கொள்ளப்பட்டது அதற்கு முன் நடந்ததில்லை. அது மட்டும் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே மைதானத்தில் குறையுள்ள கோழி ஒன்று கை மாறியது. அதைக் கொண்டுவந்தவர்தான் இப்போது மைக் பிடித்திருக்கிறார்.

சேவலைக் கிங்ஸ்டனிடம் கொடுத்தார். குனிந்து வலது காலின் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். கெண்டைக்காலில் நீளமாக இரண்டு தழும்பு. அதற்குக் கீழே பக்கு உதிராத ஒன்று.

"ஆகஸ்ட்ல இருந்து இது என்னை அடிச்சிருக்கு. ஒருநாள் ரெண்டு மணி நேரம் பாத்ரூமை விட்டு வெளியே வர விடல. இப்ப எனக்கு மட்டும் அடங்குது. சின்னப்பிள்ளை இருக்க வீட்டுக்கு இது ஆகாது."

வாலிபர் பெஞ்சுப் பக்கம், பாத்ரூம் என்ற சொல்லை யாரோ திருப்பிச் சொல்ல, அங்கே மறுபடி சிரிப்பு வெடித்தது. ஜெமி ஓடிவந்து பையனைத் தூக்கிக்கொண்டாள். பெண்கள் பக்கத்தில் நான்காவது வரிசையில் ஈவாஞ்சலின் எழுந்து நின்றாள். அவள் சிரிக்கவில்லை. அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெக்சன் மைக்கைக் கீழே வைத்தார். வீட்டில் தானும் மனைவியும்தான், சின்னப்பிள்ளை கிடையாது, தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கடைசியாக ஜெமி கேட்ட விலைக்கே எடுத்தார். பிறகு செல்வதுரையிடம் வந்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கேட்டார். செல்வதுரை காட்டிக் கொடுத்தார்: இறக்கை இரண்டும் உள்ளே, தலை கீழே, கோழிகளுக்கு முன்னால். பன்னிரண்டு வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான்.

ஞாயிறு முழுக்க ஈவாஞ்சலின் எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை, அல்போன்சா பின்வாசல் படியில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அப்பா, அது அடிச்சப்ப விழுந்தீங்களா?"

"முட்டி போட்டாங்கம்மா" என்றாள் அல்போன்சா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் பாத்தேன்."

செல்வதுரை பின்வாசலைப் பார்த்தார். கொல்லையில் கோழிகள் சத்தமில்லாமல் மேய்ந்தன. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. அந்த இருபத்திரண்டு எட்டில் இப்போது ஒரு தடையும் இல்லை. அல்போன்சா கொடுத்த சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும். அதை முதலில் சொன்னதும் அவர்தான்.

"விழுந்தேன்" என்றார்.

அல்போன்சாவின் கை நின்றது.

ஈவாஞ்சலின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு வெற்றி கிடைத்தவளின் முகம் இல்லை. "சேவல் தள்ளிவிட்டதை விழுந்ததுன்னு சொல்ல முடியாதுப்பா. யாரா இருந்தாலும் விழுவாங்க. நீங்க இங்கனயே இருங்க."

"தள்ளிவிட்டா கணக்கில்லைன்னு அன்னைக்கு நாம பேசலியே, ஈவா."

அவள் மேற்கொண்டும் சொல்லிப் பார்த்தாள். கிருபாகரன் சொன்னார். பெவின் மஸ்கட்டிலிருந்து, அன்றைக்கு எனக்கு லைன் சரியாகவே கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தான். செல்வதுரை எழுந்து போய்ப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார்.

கோழிகள் ஒன்பதையும் அல்போன்சாவுக்குக் கொடுத்தார். இரண்டு கூடையில் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். கறுப்புக் கோழியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். புதன்கிழமை மாலை அவர் மாடியில் ஏறி நின்றார். கப்பல் எத்தனை என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. வியாழக்கிழமை வீட்டை அவரே பூட்டினார். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை மகள் கையில் கொடுத்தார்.

செல்வதுரை சேவலுக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு போய்விட்டார் என்று சபையில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. சேவல் ஞாயிற்றுக்கிழமையே ரெக்சன் வீட்டுக்குப் போய்விட்டது. செல்வதுரை போனது வியாழக்கிழமை.